ஓட்டம் நின்ற ஏழாவது நிமிடம்: ஆஸ்துமாவோடு ஓடும் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் ஓடும் சிறு குழு ஒன்றுக்கு நான் பயிற்சி வழிகாட்டி. குழுவில் முப்பது பேர். அலுவலகம், சமையல், பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றுக்கும் முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை ஓட்டத்துக்குக் கொடுப்பவர்கள். 2022 டிசம்பரில் எங்களில் ஒருவருக்கு ஓடி முடித்த பின் கடும் மூச்சுத்திணறல் வந்தது. அதற்கு முன் நடந்தவை, அன்று நாங்கள் செய்தவை, தவறவிட்டவை, அடுத்த பதினான்கு மாதங்களில் நேர்ந்தவை ஆகியவற்றை அவருடைய சம்மதத்தோடும் அவர் எழுதி வைத்த குறிப்பேட்டின் துணையோடும் இங்கே பதிவு செய்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்து பற்றி இதில் இருப்பது அவருக்கு அவருடைய மருத்துவர் சொன்னது. மற்றவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

பின்னணி

அப்போது அவருக்கு வயது 34. ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு வேலை. வேளச்சேரியில் கணவர், மாமியார், ஏழு வயது மகளோடு தரைத்தள வீட்டில் குடியிருந்தார்.

சிறுவயது முதலே 'வீசிங்'. ஆஸ்துமா என்ற சொல்லைப் பிறந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஐப்பசி மழை பிடித்தால் இழுப்பு வரும், தெருமுனை கிளினிக்கில் நெபுலைசர் வைப்பார்கள், இரண்டு நாள் மாத்திரை, அதோடு மறந்துவிடுவார்கள். தூதுவளை ரசமும் ஆடாதோடைக் கஷாயமும் உண்டு. ஜூன் மாதத்தில் மிருகசீரிஷ நாளன்று ஹைதராபாதில் உயிர்மீனின் வாயில் வைத்து விழுங்கக் கொடுக்கும் மருந்துக்காகவும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அழைத்துப் போனார்கள். பதினைந்து வயதுக்குப் பிறகு தொல்லை குறைந்தது. சிறுவயது ஆஸ்துமா பலருக்கு அந்த வயதில் அடங்கும். சிலருக்குப் பின்னாளில் திரும்பும். அடங்கியதைக் குணமாகிவிட்டதாகவே குடும்பம் எடுத்துக்கொண்டது. கல்யாணப் பேச்சு தொடங்கியபோது அவருடைய அம்மா ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: "அந்த வீட்டில் வீசிங் என்ற வார்த்தையே உன் வாயிலிருந்து வரக்கூடாது."

மகள் பிறந்த பிறகு இழுப்பு திரும்பியது. நீல நிற இன்ஹேலர் ஒன்றை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார். தேவைப்படும்போது குளியலறைக்குப் போய், வாளியில் தண்ணீர் விழும்படி குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இழுத்துக்கொள்வார். கணவருக்கு 'எப்போதாவது வரும்' என்ற அளவில் தெரியும். மாமியாருக்குத் தெரியாது.

2022 ஜூலையில் எங்கள் குழுவில் சேர்ந்தார். சேரும்போது நிரப்பும் தாளில் 'உடல்நலக் குறை ஏதேனும் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று எழுதினார். அந்தத் தாள்களை மரத்தடியில் எல்லோரையும் நிற்க வைத்து, ஒரே பேனாவைக் கைமாற்றி நிரப்பச் சொல்வது எங்கள் வழக்கம். எழுதுவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

முதல் ஐந்து மாதங்கள்

அவருடைய ஓட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. முதல் கிலோமீட்டர் திணறுவார், மூன்றாவதில் இளகிவிடுவார், ஐந்தாவதில் பேசிக்கொண்டே வருவார். ஓடி முடித்து, மற்றவர்கள் இளநீர்க்காரரைச் சுற்றி நிற்கும்போது, இவருக்கு மட்டும் வறட்டு இருமல் தொடங்கும். அரை மணியில் அடங்கிவிடும். நான் இதைக் கவனித்தேன். உடல் இன்னும் பழகவில்லை என்று நானே முடிவு செய்து, "போகப்போகச் சரியாகிவிடும்" என்றேன். அப்படி மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.

அந்த இருமலின் பொருள் பின்னால்தான் விளங்கியது. ஓய்வில் நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றை மூக்கு வழியாக இழுக்கிறோம். மூக்கு அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி உள்ளே விடுகிறது. ஓடும்போது அது 60 லிட்டரையும் தாண்டும். பெரும்பகுதி வாய் வழியாகப் போகும். அவ்வளவு காற்றுக்கும் ஈரம் கொடுக்க வேண்டிய வேலை மூச்சுக்குழாயின் உள்சுவரில் விழுகிறது. சுவர் வறளும்போது அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின், லுகோட்ரையீன் போன்ற பொருள்களைக் கொட்டுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஏற்கெனவே அழற்சி கொண்ட ஆஸ்துமா குழாயில் இது பல மடங்கு. இந்த இறுக்கம் பெரும்பாலும் ஓட்டம் நின்ற பிறகு 5 முதல் 15 நிமிடங்களுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். பிறகு ஒரு மணி, ஒன்றரை மணியில் தானாக இறங்கும். உடல் பழகாதவருக்கு நின்றவுடன் மூச்சு தணியத் தொடங்கும். இவருக்கு நின்ற பிறகு ஏறியது. இந்த வித்தியாசத்தைப் படிப்போ கருவியோ இல்லாமல், பக்கத்தில் நின்று பார்க்கும் எவரும் கண்டுகொள்ளலாம்.

சென்னையில் காற்று ஈரமானது, குளிர் இல்லை, ஆகவே ஓட்டத்தால் வரும் ஆஸ்துமா குளிர்நாட்டுச் சங்கதி என்ற எண்ணம் எங்களில் பலருக்கு இருந்தது. குளிர்ந்த வறண்ட காற்று மோசமான தூண்டுதல் என்பது உண்மை. ஆனால் புகைக்கும் தூசிக்கும் குளிர் தேவையில்லை.

2022 டிசம்பர் 18

மார்கழி பிறந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சாந்தோம் வரை போய்த் திரும்பும் 10 கிலோமீட்டர். முந்தைய இரவு இரண்டு மணிக்கு இருமலோடு விழித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாலரை மணிக்குக் குளியலறையில் இரண்டு முறை இன்ஹேலரை இழுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அடையாறு சிக்னல் பக்கம் மெட்ரோ பணிக்கான தகரத் தடுப்புகள். தெருவிளக்கின் கீழே தூசி மிதந்தது. திரு.வி.க. பாலத்தருகே யாரோ குப்பைச் சருகைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். மார்கழியின் குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்க, புகை மேலே எழாமல் இடுப்பளவு உயரத்தில் பரவி நின்றது. 'கடற்கரைதானே, காற்று சுத்தமாக இருக்கும்' என்று நினைக்கிறோம். கடற்காற்று வெயில் ஏறிய பிறகே உள்ளே வரும். விடிவதற்கு முன் நிலக்காற்று பல நாள்களில் ஊரின் புகையைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில்தான் நாங்கள் ஓடினோம்.

கடைசி ஒரு கிலோமீட்டரை வேகமாக ஓடும்படி நான் சொல்லியிருந்தேன். அவர் நன்றாகவே ஓடி 6.25-க்கு முடித்தார். 6.32-க்கு நான் திரும்பிப் பார்த்தபோது சுவரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் முழங்காலில் ஊன்றியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வந்தார். "தண்" என்பதோடு மூச்சு நின்றது. இன்னொரு மூச்சு எடுத்துத்தான் "ணீர்" வந்தது.

நான் செய்தது தவறு. மயக்கம் என்று நினைத்துப் படுக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். இப்படி நான்கு நிமிடங்கள் போயின. மூச்சுத்திணறுபவரைப் படுக்க வைத்தால் திணறல் கூடும். அவர் மறுத்ததுதான் சரி.

கடற்கரையில் தினமும் நடைக்கு வரும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இவருக்கு வீசிங் உண்டா? இன்ஹேலர் எங்கே?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மூச்சுத் திணறியவரே கையை நீட்டித் தன் ஸ்கூட்டரைக் காட்டினார். முந்நூறு மீட்டர் தள்ளி, அதன் இருக்கைக்கு அடியில் இன்ஹேலர் இருந்தது. ஒருவர் ஓடிப்போய் எடுத்து வந்தார். அழுத்தினால் 'புஸ்' என்று வந்தது. சிஸ்டர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, "மருந்து தீர்ந்துவிட்டது, வெறும் வாயு" என்றார். எண் காட்டும் வசதி இல்லாத இன்ஹேலரில் மருந்து தீர்ந்த பிறகும் சில முறை பீய்ச்சும். உள்ளே ஒன்றும் இல்லை என்பது பயன்படுத்துபவருக்குத் தெரியாது. காலை நாலரைக்கு அவர் இழுத்ததிலும் மருந்து இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

அப்போது குழுவில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, இடுப்புப் பையைத் திறந்து தன் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தார். அவரும் அந்தத் தாளில் 'இல்லை' என்றே எழுதியவர்.

தேநீர்க் கடையிலிருந்து ஒரு காகிதக் கோப்பை வாங்கி அடியில் ஓட்டை போட்டு, இன்ஹேலரின் வாயை அதில் பொருத்தினார் சிஸ்டர். கோப்பையின் அகன்ற பக்கம் அவருடைய மூக்கையும் வாயையும் மூடியது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழல் இல்லாத இடத்தில் அவசரத்துக்கு இது உதவும். ஒரு அழுத்தம், நான்கைந்து மூச்சு. மறுபடி ஒரு அழுத்தம். இப்படி நான்கு. நான்கு நிமிடம் காத்திருந்து மறுபடி நான்கு. முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தபடியே எல்லாம் நடந்தது. 108-ஐ அழைக்கும் முன் உறுப்பினர் ஒருவரின் கார் பக்கத்திலேயே நின்றதால் அதில் கிளம்பினோம். காரில் ஏறும்போது முழு வாக்கியம் பேசினார்: "வீட்டுக்குச் சொல்லாதீர்கள், சார்."

சொன்னோம். அந்த முடிவு என்னுடையது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ரகசியத்தைக் காப்பது என் வேலை அல்ல என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கணவரை மட்டும் அழைத்திருக்கலாம். நான் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தேன், எடுத்தது மாமியார்.

மருத்துவமனையில்

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92 சதவீதம். மூன்று முறை நெபுலைசர், ஸ்டீராய்டு மாத்திரை, நான்கு மணி நேரக் கண்காணிப்பு. மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மாமியார் கட்டிலருகே வெகுநேரம் பேசாமல் நின்றார். அவர் கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். கடைசியில் கேட்டது இதைத்தான்: "வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுகிறேன். ராத்திரி உன் கட்டிலுக்குக் கீழேதான் கொசுவத்திச் சுருளை வைக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேனா, அம்மா?" எட்டு வருடம் அந்தப் புகையில் அவர் தூங்கியிருக்கிறார். நிறுத்தச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும் என்பதற்காக.

மருத்துவர் சொன்னது

இரண்டு வாரம் கழித்து ஸ்பைரோமெட்ரி செய்தார்கள். முழு மூச்சு எடுத்து ஊதும்போது முதல் நொடியில் வெளிவந்த காற்று 1.92 லிட்டர், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு 2.26 லிட்டர். 200 மில்லி லிட்டரும் 12 சதவீதமும் தாண்டிய உயர்வு ஆஸ்துமாவுக்கு வலுவான அடையாளம். இ.சி.ஜி. இயல்பு. குரல்நாண் இறுகுவதாலும் ஓட்டத்தில் மூச்சு அடைக்கலாம். அதில் சத்தம் தொண்டையில், மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். இவருக்கு வெளிவிடும்போது நெஞ்சில் விசில் கேட்டதால் அது இல்லை என்றார்.

பிறகு இன்ஹேலரைப் பயன்படுத்திக் காட்டச் சொன்னார். இவர் அழுத்திவிட்டு அதன் பிறகு இழுத்தார். மருந்தில் பெரும்பகுதி நாக்கில் படிந்திருக்கும். குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து நொடி அடக்க வேண்டும் என்பதை இத்தனை வருடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்பேசர் ஒன்று வாங்கச் சொன்னார்.

முக்கியமான மாற்றம் மருந்தில். நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூடமால் குழாயைச் சில மணி நேரம் விரிக்கும். உள்ளிருக்கும் அழற்சியைத் தொடாது. அதையே தொடர்ந்து இழுத்தால் ஓட்டத்தின்போது அது தரும் பாதுகாப்பும் குறையும். ஆஸ்துமா சிகிச்சைக்கான உலகளாவிய 'ஜினா' பரிந்துரை 2019 முதல் நீல இன்ஹேலரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்கிறது. இவருக்கு, அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டான பியூடெசோனைடும் குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தினமும் இருவேளையும், ஓட்டத்துக்குக் கால் மணி முன்பும் எழுதிக் கொடுத்தார். இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். "ஸ்டீராய்டு பழகிவிடுமே, டாக்டர்?" என்று இவர் கேட்டார். மைக்ரோகிராம் கணக்கில் நேரே குழாய்க்குப் போகும் மருந்து அது. இழுப்பு முற்றிய பிறகு விழுங்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு அதைவிடப் பன்மடங்கு என்று மருத்துவர் விளக்கினார். பெண்கள் மாரத்தானில் 2003-இல் 2 மணி 15 நிமிடம் 25 நொடி ஓடி உலக சாதனை செய்த பவுலா ராட்கிளிஃபுக்கும் ஆஸ்துமா உண்டு என்று அவர்தான் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் இவர் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

மீண்டும் சேர்ப்பதா?

2023 ஜனவரி இறுதியில் குழுவில் இது விவாதமானது. மூத்த உறுப்பினர்கள் சிலர், அவர் நடைக்கு மட்டும் வரட்டும் என்றார்கள். நம் பொறுப்பில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற அச்சம் நியாயமானதே. விலக்கினால் அவர் தனியாக ஓடுவார், இடுப்புப் பையோடு நின்ற அந்த மாணவர் இன்னும் ஆழமாக ஒளித்துக்கொள்வார் என்பது என் பதில். மருத்துவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு சேர்த்துக்கொண்டோம்.

ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரில் அவருடைய சிறந்த அளவு நிமிடத்துக்கு 360 லிட்டர். எழுந்ததும் ஊதிப் பார்த்து 290-க்குக் கீழே இருந்தால் நடை மட்டும். 220-க்குக் கீழே போனால் மருத்துவரை அழைக்க வேண்டும். இரவு இருமலில் விழித்தாலும் அன்று ஓட்டம் கிடையாது. தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் நடையும் மெல்லோட்டமும், நடுநடுவே அரை நிமிட வேக ஓட்டம் ஆறேழு முறை. இப்படிச் செய்தால் பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் குழாய் இறுகுவது குறைகிறது. முதல் கிலோமீட்டரில் திணறி மூன்றாவதில் அவர் இளகியதும் இதன் சாயல்தான். முடிவில் சட்டென நிற்காமல் பத்து நிமிடம் நடை. அதன் பிறகு இருபது நிமிடம் யாரும் அவரைத் தனியே விட்டுப் போவதில்லை. இன்ஹேலர் ஸ்கூட்டரில் அல்ல, இடுப்பில். இன்னொன்று என் பையில்.

பாதையையும் மாற்றினோம். அடையாறு சந்திப்பைத் தவிர்த்தோம். ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி கண்காணிப்பு நிலையங்களின் காற்றுத் தரக் குறியீட்டை முந்தைய இரவே பார்த்து, 100-க்கு மேல் இருந்தால் அவர் வீட்டு மாடியில் நடப்பார். போகி வாரம் முழுக்க விடுமுறை.

தொடர்ந்தவை

பிப்ரவரி 2023-இல் இரண்டு கிலோமீட்டரில் தொடங்கினார். ஏப்ரல் முதல் வாரம் குறிப்பேட்டில் காலை அளவு 345, 320, 300, 275 என்று வரிசையாக இறங்கியிருந்தது. இருமலோ இழுப்போ அவருக்கு இன்னும் தெரியவில்லை. விசாரித்தபோது, நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு வாரமாகத் தினசரி மருந்தை நிறுத்தியிருந்தது தெரிந்தது. உடலுக்குத் தெரியும் முன்பே தாளில் தெரிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அவர் மருந்தை விடவில்லை. இந்த நிகழ்வில் அவரை மாற்றியது என் அறிவுரை எதுவும் அல்ல, அந்த நான்கு எண்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

கோடையில் ஐந்து, செப்டம்பரில் எட்டு கிலோமீட்டர். நவம்பர் 12 தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக ஐந்து நாள் ஓடவில்லை. அடுத்த ஜனவரியில் ஒரு 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மூழ்கியது. அவர் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். வடிந்த பிறகு சுவர்கள் வாரக்கணக்கில் காயவில்லை. அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. மெத்தைகளைத் தூக்கி எறிந்தார்கள். காலை அளவு 250-க்கும் 280-க்கும் இடையே தடுமாறியது. மருந்தின் அளவை மருத்துவர் தற்காலிகமாகக் கூட்டினார். போட்டியிலிருந்து அவரே விலகினார். ஒரு வருடம் முன்பாக இருந்தால் குழாயைத் திறந்துவிட்டு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன் என்றார். ஜனவரியில் தரகர் மூலம் அதே பகுதியில் முதல் மாடி வீடு ஒன்று கிடைத்தது. மாமியார்தான் வற்புறுத்தி மாற்றினார்.

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குழுவோடு 10 கிலோமீட்டரை 1 மணி 19 நிமிடத்தில் ஓடினார். ஓடும் முன் 350. நின்ற பத்தாவது நிமிடம் 325.

நான் மாற்றியவையும் மாறாதவையும்

உடல்நலக் கேள்வியை இப்போது தனியாக, தொலைபேசியில் கேட்கிறேன். 'ஆஸ்துமா உண்டா?' என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். 'சிறுவயதில் வீசிங், நெபுலைசர் வைத்தது உண்டா? ஓடி முடித்தபின் இருமுகிறதா?' என்று கேட்டால் உண்டு என்கிறார்கள். முப்பது பேரில் அந்த மாணவரோடு சேர்த்து ஐந்து பேர் இப்படி வெளிப்பட்டார்கள். முதலுதவிப் பெட்டியில் ஸ்பேசர் இருக்கிறது. அதைப் பொருத்தத் தெரிந்தவர்கள் எட்டுப் பேர். புதியவர்களைக் கடைசிக் கிலோமீட்டரில் விரட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்த வறட்டு இருமலை மூன்று முறை கேட்டும் மருத்துவரிடம் அனுப்பாதது என்னுடைய பெரிய தவறு. அன்று சிஸ்டர் நடைக்கு வராமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

அவர் இப்போதும் அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் இன்ஹேலரை எடுப்பதில்லை. படிக்கட்டுப் பக்கம் போய்விடுகிறார். விஷயம் வெளியே தெரிந்ததில் அவருடைய அம்மாவுக்கு வருத்தம் தீரவில்லை. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். தங்கைக்கும் மழைக்காலத்தில் இழுப்பு உண்டு. சென்ற மாதம் அக்காவே தங்கையை அதே மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார், அம்மாவிடம் சொல்லாமல்.

என் பையில் இருக்கும் இன்ஹேலரின் மேல் அவர் கையால் மார்க்கர் பேனாவில் திறந்த தேதியை எழுதியிருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறன்று அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்து, எண்ணைப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்.